மாதா பாதயாத்திரைக்குப் பந்தல் போடுறீங்களா? அந்த ஜூஸ் பெட்டியை முதல்ல திருப்பிக் குடுங்க!

சேசுவுக்குப் புகழ், மரியே வாழ்க! ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேத்தம். ஈசிஆர்ல காவித்துணியும் சப்பரமும் தெரிய ஆரம்பிச்சாச்சு. நீங்க அனுப்பின பந்தல் போட்டோ எல்லாம் பாத்தேன், மனசு நிறைஞ்சிருக்கு. ஆனா ஒரு விஷயத்துல செம கோபம். பாதிப் பந்தல்ல அட்டைப்பெட்டி ஜூஸை அடுக்கி வெச்சு, "ஓஆர்எஸ் குடுக்குறோம்"னு எழுதியிருக்கீங்க.

அது ஓஆர்எஸ் இல்லீங்க! ஓஆர்எஸ்னா வயித்தால போய் உடம்புல தண்ணி வத்தினா குடுக்குற உப்பு-சர்க்கரைக் கரைசல். 2025 அக்டோபர்லயே உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தோட அளவுல இல்லாத பானம் எதுக்கும் அந்தப் பேரைப் போடக் கூடாதுன்னு உத்தரவு போட்டுடுச்சு. இந்தப் பெட்டி ஜூஸ்ல சர்க்கரை அதிகம், உப்பு கம்மி. வெயில்ல நடந்து வந்தவருக்கு அந்தச் சர்க்கரை குடலுக்குள்ள தண்ணியை இழுத்து வயித்தால போக வைக்கலாம். விலையையும் பாருங்க. 200 மில்லி பெட்டி 30 ரூபாய்க்கு மேல. மெடிக்கல்ல ஓஆர்எஸ் பவுடர் பாக்கெட் 20 ரூபாய் சுமார், அதுல முழுசா 1 லிட்டர் வரும். ஒரு பெட்டிக் காசுல அஞ்சு டம்ளருக்கு மேல குடுக்கலாம்! பாக்கெட்ல 1 லிட்டருக்குன்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க. அரை லிட்டர் பாட்டில்ல கொட்டிக் கலக்காதீங்க, உப்பு ரெண்டு மடங்காயிடும், வாந்தி வரும். பாக்கெட் கிடைக்கலையா? 1 லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணி, தலை தட்டின டீஸ்பூன்ல 6 சர்க்கரை, அரை உப்பு. அவ்ளோதான்.

அதுகூட வாந்தி, வயித்தால போறவங்களுக்கும் ரொம்ப சோர்ந்தவங்களுக்கும்தான். மத்தவங்களுக்கு தண்ணியும் நீர்மோரும் போதும். மத்தேயு 10-ல ஆண்டவர் சொன்னது ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணி. அந்தத் தண்ணியை ஒழுங்கா குடுக்கத்தான் இவ்ளோ பேசுறேன். மோருக்கு 1 லிட்டர் தயிர், 4 லிட்டர் தண்ணி. இஞ்சி, கறிவேப்பிலை அரைச்சு வடிகட்டிடுங்க, நடந்துக்கிட்டே குடிக்கிறவங்க தொண்டையில சிக்கும். காலையிலயே டிரம் நிறைய கலக்கி வெச்சா மதியத்துக்குள்ள புளிச்சுடும். 5 லிட்டரா கலக்குங்க. மீனுக்குப் போடுற ஐஸ் கட்டியை உள்ள போடவே போடாதீங்க, அது குடிக்கிற தண்ணியில செஞ்சதுன்னு நம்ப முடியாது. கேனுக்கு வெளிய சுத்தி அடுக்குங்க, மேல ஈரச்சாக்கு.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், கால். பெரிய வியாழன் பூசையில சாமியார் பாதம் கழுவுறதைப் பாத்திருக்கீங்க. இங்க அது நிஜமாவே தேவைப்படுது. நேர்ச்சைன்னு வெறுங்காலோட வர்றவங்க நிறைய. செருப்பு போடச் சொல்லி வாதாடாதீங்க. பேசின்ல வெதுவெதுப்பான தண்ணி. சூட்டை உங்க முழங்கையால பாருங்க, அவங்களைக் கேக்காதீங்க, சுகர் இருக்கறவங்களுக்குக் கால்ல சூடே தெரியாது. ரொம்ப நேரம் ஊற விட்டா தோல் நைஞ்சு, நடக்கும்போது கிழியும். விரல் இடுக்கு வரைக்கும் ஒத்தி எடுங்க. ஒருத்தர் துடைச்ச துணி இன்னொருத்தருக்கு வேண்டாம். பழைய பருத்தி வேட்டியைத் துவைச்சு, துண்டு துண்டா கிழிச்சு வெச்சுக்கங்க. ஆளுக்கு ஆள் தண்ணி மாத்துங்க.

கொப்புளத்தை ஊசியால குத்துற வேலையே வேண்டாம். மேல் தோல்தான் அதுக்கு மூடி. காஸ் துணி வெச்சு, பேப்பர் பிளாஸ்டர் ஒட்டி, மேல காட்டன் சாக்ஸ். தானா உடைஞ்சிருந்தா சுத்தமான தண்ணியில கழுவிட்டு, தொங்குற தோலைப் பிய்க்காம அப்படியே மூடுங்க. வயசான அம்மாங்க, யோவான் 13-ல பேதுரு மாதிரியே, "ஐயோ, நீங்க என் காலைத் தொடுறதா"ன்னு காலை இழுத்துக்குவாங்க. கேட்டுட்டுத் தொடுங்க, பெண்களுக்குப் பெண்களே செய்யுங்க. "நீங்க எந்தப் பங்கு, எந்தச் சர்ச்?"ன்னு விசாரிக்காதீங்க. மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டு நடக்குற இந்துக்களும் வருவாங்க. கால் வலிக்கு மதம் கிடையாது.

வெயில்ல உளறினா, தள்ளாடினா வாயில எதையும் ஊத்தாதீங்க. நிழல்ல படுக்க வெச்சு, ஈரத்துணி போட்டு விசிறிக்கிட்டே 108-க்கு அடிங்க.

அட, முதல்ல சொல்ல வேண்டியதை விட்டுட்டேன்! பந்தல் அவங்க நடக்குற பக்கத்துலயே இருக்கணும். ஒரு டம்ளர் மோருக்காக இருட்டுல ரோட்டைக் கடக்க வெச்சுடாதீங்க. குப்பைத்தொட்டி பந்தல் ஓரத்துல வேண்டாம், அம்பது அடி தள்ளி முன்னாடி வைங்க. அவங்க குடிச்சு முடிக்கிறது அங்கதான்.