மயில்துத்தத்துக்குள் ஒரு சங்கிலி

வணக்கம் நேயர்களே. தென்னையில் குருத்தழுகல் வந்தால் மயில்துத்தத்தைச் சுண்ணாம்போடு கலந்து போர்டோ பசையாகத் தடவுவோமே, அந்த நீலக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆய்வகத்தில் சூடுபடுத்தி வெள்ளைப் பொடியாக்கிய தாமிர சல்பேட்டும் அதேதான். அதற்குள் ஓடும் காந்தச் சங்கிலியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

இதிலுள்ள ஒவ்வொரு தாமிர அயனியும் ஒரு குட்டிக் காந்தம். ஜோடி சேராத ஓர் எலெக்ட்ரானின் ஸ்பின், அதாவது அதனோடு பிறந்த தற்சுழற்சி போன்ற பண்பு, அதற்குக் காரணம். கல் மூன்று பக்கமும் பரந்ததுதான்; ஆனால் அயனிகளில் பாதி, ஒரே திசையில் இருக்கும் அண்டை வீட்டாரோடு மட்டும்தான் பேசும். பக்கத்து வரிசையைக் கண்டுகொள்ளாது. மீதிப் பாதி ஏறக்குறையத் தனிக்கட்டை. அந்தப் பேச்சும் மிக மெல்லியது. தனிச்சுழிக்கு (மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்) மேல் ஒரு டிகிரிக்கும் கீழே குளிர வைத்தால்தான் நன்றாகக் கேட்கும்.

இப்படிப்பட்ட சங்கிலிக்கான கணக்கை இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே 1931லேயே போட்டுவிட்டார். அடுத்த கட்டுரையில் முப்பரிமாணத்துக்கும் செய்கிறேன் என்றார். அது வரவே இல்லை. எனக்கு அதில் ஒரு ஆறுதல் உண்டு!

சரி, சங்கிலியைத் தட்டினால் என்ன ஆகும்? இதில் அடுத்தடுத்த காந்தங்கள் எதிரெதிராக நிற்கத்தான் விரும்பும். ஆறு பேரை வரிசையாக நிற்க வையுங்கள். முதல் ஆள் கையைத் தூக்கட்டும், அடுத்தவர் இறக்கட்டும், இப்படியே மாறி மாறி. இப்போது மூன்றாமவரின் கையை இறக்கிவிடுங்கள். இரண்டு, மூன்று, நான்கு மூவரும் கை இறக்கி நிற்கிறார்கள். இரண்டு இடத்தில் ஒழுங்கு கெட்டது. அப்புறம் நான்காமவரும் ஐந்தாமவரும் தங்கள் நிலையை மாற்றிக்கொள்ளட்டும். ஒரு பிழை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவிலேயே நிற்கிறது, இன்னொன்று ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே போய்விட்டது. தட்டியது ஒரு தட்டு. பிரிந்து நடப்பவை இரண்டு. இவற்றுக்கு ஸ்பினான் என்று பெயர், ஆளுக்கு அரை ஸ்பின். உண்மைச் சங்கிலியில் யாரும் இப்படி அசையாமல் நிற்பதில்லை, எல்லா வரிசைகளும் கலந்தே இருக்கும். ஆனாலும் பிரியும் விதம் இதுதான்.

தட்டுவதற்கு நியூட்ரான் கற்றை. சாதாரணத் தண்ணீரில் வளர்த்த படிகம் சரிப்படாது. அதன் ஹைட்ரஜன் நியூட்ரான்களைக் கண்டபடி சிதறடித்து இரைச்சலாக்கிவிடும். அதனால் ஆய்வாளர்கள் கனநீர் (ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகை உள்ள நீர்) கொண்ட மயில்துத்தப் படிகத்தை எடுத்துக்கொண்டார்கள். பிரான்சின் கிரெனோபிளில் நடந்த அளவீடு இது. முடிவு 2013இல் வெளியானது.

ஸ்பினான்களை வேறு சேர்மங்களில் முன்பே பார்த்திருந்தார்கள். இந்த ஆய்வு எனக்குப் பிடித்துப்போனது கணக்கு நேர்செய்த விதத்தால். ஸ்பினான் இணை மட்டும் என்றால், சிதறலின் மொத்த வலுவில் 71 சதவீதம்தான் தேறும் என்கிறது கோட்பாடு. மீதி 29 எங்கே? வலுவான காந்தப்புலத்தில் ஸ்பின்களை எல்லாம் ஒரே பக்கம் திருப்பினால் சிதறலைச் சுலபமாகக் கணக்கிடலாம். அதையே படிக்கல்லாக வைத்து, புலமில்லாத நிலையை எடை போட்டார்கள். 99 சதவீதம் வந்தது. அதாவது இரண்டுக்கு மேல், நான்கு நான்காகவும் ஸ்பினான்கள் கிளம்புகின்றன. தராசின் பிழை, கூடவோ குறையவோ 8 சதவீதம். அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.