வேலை நடப்பது சாம்பலில்

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வரிசையை விட்டுவிட்டு, இடிந்த சுவர்களைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தீர்களோ!

போன மாதம் நம் புகைப்படக் குழுவின் போட்டிக்கு ‘பழைய நகரம்’ என்று தலைப்பு கொடுத்திருந்தோம். கறுப்பு வெள்ளை மட்டும். வந்த படங்களைப் பார்த்துக்கொண்டே போனபோது எனக்கு ஒரு சந்தேகம்: ஏன் எல்லா வீட்டிலும் கொலை விழுந்த மாதிரியே இருக்கிறது? நிழலெல்லாம் தார் பூசினாற்போல. வானத்தில் புயல் சின்னம். ஒரு சாதாரண மரக்கதவைக்கூட கான்ட்ராஸ்ட்டை, அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை, கூட்டிக் கூட்டிப் பேய் பங்களா ஆக்கியிருந்தார்கள். சோகம் வேண்டுமானால் கறுப்பைக் கூட்டு என்று யாரோ நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். இன்று நான் அந்தக் கட்சிக்கு எதிர்க்கட்சி. பெயர்தான் கறுப்பு வெள்ளை. வேலை நடப்பது சாம்பலில்.

சாட்சிக்கு ஒருவரைக் கூப்பிடுகிறேன். தாமஸ் அன்னன், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துப் புகைப்படக்காரர். கிளாஸ்கோ அப்போது தொழிற்சாலைப் புகையில் மூழ்கிய ஊர். வேலை தேடி வந்த ஜனம் ஹை ஸ்ட்ரீட், சால்ட்மார்க்கெட் பக்கத்துப் பழைய சந்துகளில் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்தது. காலரா, டைஃபஸ் எல்லாம் வந்துபோன இடம். 1866-ல் ஒரு சட்டம் போட்டு, அந்தச் சந்துகளை வாங்கி இடித்துத் தள்ள ஓர் அறக்கட்டளையை நகரம் அமைத்தது. இடிப்பதற்கு முன்னால் படம் எடுத்துவைக்க அவர்கள் அழைத்த ஆள்தான் அன்னன். 1868 முதல் 1871 வரை எடுத்தார். கவனியுங்கள், அவரை யாரும் ‘மூட்’ பிடித்து வா என்று அனுப்பவில்லை. இடிக்கப்போகிறவர்கள் கேட்ட பதிவு அது.

திரையில் இருப்பது அந்தச் சந்துகளில் ஒன்று. சட்டகம் நெடுக்குவாக்கில். இரண்டு பக்கமும் சுவர், நடுவில் கல் பாவிய தரை, அதில் சாக்கடை ஈரம், மேலே ஒரு கீற்று வானம். முதலில் கண் எங்கே போகிறது? வெளிச்சம் இருக்கிற அந்தக் கோடிக்கு. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு என்ன செய்கிறது? திரும்பி வருகிறது, மெதுவாக, சுவரைத் தடவிக்கொண்டே. அப்போதுதான் ஜன்னல் தெரிகிறது, கழியில் தொங்கும் துணி தெரிகிறது. சுவர் முழுக் கறுப்பாக இருந்திருந்தால் கண் திரும்பி வர வழியே இல்லை. ஒரு தடவை உள்ளே போய், வெளியேறிவிடும். நம் போட்டிப் படங்களில் எனக்கு நடந்தது அதுதான்.

அந்தச் சாம்பல் எப்படி வந்தது? அவர் பயன்படுத்தியது ஈரக் கொலோடியன் தகடு. கண்ணாடியில் மருந்தைப் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவியும் ஆக வேண்டும். இருட்டுக் கூடாரத்தைக் கூடவே சுமந்து திரிய வேண்டும். அந்த மருந்துக்கு நீல ஒளிதான் சட்டென்று தெரியும், சிவப்பு தெரியவே தெரியாது. அதனால் வானம் வெறும் வெள்ளை. சந்துக்குள்ளோ நேர் வெயில் கிடையாது; சுவரில் பட்டுத் திரும்பி வந்த வெளிச்சத்தை வைத்துக்கொண்டு பல நொடிகள் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். அசையாமல் நின்றவர்கள் பதிந்தார்கள். அசைந்த பிள்ளைகள் புகையாகிப் போனார்கள். காற்றில் ஆடிய துணியும் அப்படித்தான். இன்றைக்குப் பார்க்கிறவர்களுக்கு ஆவி மாதிரித் தெரிகிறது. அன்றைக்கு அது ஒரு பையனால் சும்மா நிற்க முடியாத கதை, அவ்வளவுதான்.

சரி, நம் கைக்கு வருவோம். கேமராவின் ஒளிமானி ஒரு பிடிவாதக்காரன். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்ப்பான். சுண்ணாம்புச் சுவரைக் காட்டினால் அழுக்காக்குவான். ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. மழைக்குப் பாசி பிடித்துக் காய்ந்து கறுத்த சுவர் என்றால் குறைக்க வேண்டும்.

அதைவிட ருசியான விஷயம் வண்ண வடிகட்டி, லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற வண்ணக் கண்ணாடி. மண்ணடிப் பக்கம் ஒரு வீட்டுச் சுவர். காரை உதிர்ந்து செங்கல் தெரிகிறது, செங்கல் இடுக்கில் ஓர் அரசங்கன்று. கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் அடித்துக்கொண்டு நிற்கின்றன. அப்படியே கறுப்பு வெள்ளையாக்கினால் இரண்டும் ஒரே சாம்பல், கன்று சுவருக்குள் காணாமல் போய்விடும். சிவப்பு வடிகட்டி போட்டால் செங்கல் வெளுக்கும், இலை கறுக்கும்: வீட்டைக் கன்று தின்கிற படம். பச்சை போட்டால் செங்கல் கறுத்து இலை ஒளிரும்: அதே இடத்தில் ஏதோ துளிர்க்கிற படம். நின்ற இடம் மாறவில்லை, வெயில் மாறவில்லை. ஃபிலிமில் சிவப்புக்கு மூன்று ஸ்டாப் வெளிச்சத்தைப் பலி கொடுக்க வேண்டும். இப்போது கணினியில் ஒரு விரல் நகர்த்தல். ஆனால் எந்தப் படம் என்பதைச் சுவருக்கு முன்னால் நிற்கும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

அப்புறம், தயவுசெய்து ஃபோனை அண்ணாந்து பிடிக்காதீர்கள். சுவர்கள் பின்னால் சாயும். அந்தக் கட்டடம் ஏற்கெனவே சாய்ந்துகொண்டுதான் இருக்கிறது, நம் உதவி வேண்டாம். பழைய பெட்டிக் கேமராவில் லென்ஸ் பலகையை மட்டும் மேலே தூக்கலாம், சுவர் நேராக நிற்கும். பாரிஸில் இடிபடப்போகும் பழைய தெருக்களை எடுத்த புகைப்படக்காரர் அட்ஜே அந்தப் பலகையை எல்லை தாண்டித் தூக்குவார். அவருடைய பல படங்களில் மேல் மூலைகள் இருண்டு வளைந்திருப்பது அதனால்தான். இன்றைக்கு அதையும் ஒரு ஃபில்ட்டராக விற்கிறார்கள்.

சட்டகத்தில் எதை விட்டுவிடுகிறோம் என்பதையும் பேச வேண்டும். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம், 1913-ல் திறந்தது. 1988-ல் கடைசி ரயில் போன பிறகு முப்பது வருஷம் பாழடைந்து நின்றது. உடைந்த ஜன்னல்களோடு அந்தப் பதினெட்டு மாடியை எடுக்காத ஆளில்லை. செத்த நகரம் என்றார்கள். பக்கத்துத் தெருவில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். படத்துக்குள் அவர்களுக்கு இடமில்லை. 2018-ல் ஃபோர்டு நிறுவனம் வாங்கிச் செப்பனிட்டு, 2024 ஜூனில் திறந்துவிட்டார்கள். சாவு எழுதியவர்கள் இப்போது என்ன செய்வார்கள், பாவம்.

நானும் யோக்கியன் இல்லை. அந்த மண்ணடி வீட்டு முன்னால் கேமரா முக்காலியை விரித்துவைத்து, ஆள் நடமாட்டம் ஓயட்டும் என்று அரைமணி நேரம் காத்திருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி எழுந்து போனால் சட்டகம் சுத்தமாகும் என்பது என் கணக்கு. அவர் எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

“இன்னாப்பா, இடிக்கிறதுக்கு அளவெடுக்க வந்துக்கிறியா?”

அன்னனிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இல்லை பாட்டி, சும்மா படம்தான் என்றேன். நம்பவில்லை. பிறகு திண்ணைக்கே போய் உட்கார்ந்துகொண்டார், நான் போகும்வரை எழுந்திருக்கிற உத்தேசமே இல்லாமல். அவரையும் சேர்த்துத்தான் எடுத்தேன். லென்ஸ் திறந்திருந்தது எட்டில் ஒரு பங்கு நொடி. முகம் தெளிவு, விசிறிக்கொண்டிருந்த கை மட்டும் கலங்கிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். பச்சை வடிகட்டிப் படம், இலைகள் ஒளிர்கிற படம். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். தன் முகத்தைப் பார்க்கவில்லை. கன்றின் மேல் விரலை வைத்தார்.

“டேய் குமாரு, இங்க வந்து பாருடா. போன வருஷம்தான வெட்னோம்? எம்மாம் பெருசா வளந்துகீது பாரு.”

குமார் அரிவாளோடு மாடிக்குப் போனார். நான் முக்காலியை மடக்கிக்கொண்டு ஏணியைப் பிடிக்கப் போனேன்.