மன்னார் வளைகுடாவில் எத்தனை தீவுகள்?

அவையோருக்கு வணக்கம். வந்திருப்பவர்களில் பலர் பேராசிரியர்கள் என்பதால், கல்லூரி நூலகராக ஒரு குறையோடு தொடங்குகிறேன். முதலாமாண்டு சேர்ந்த வாரத்தில் பிள்ளைகளை வரிசையாக நூலகத்துக்கு அனுப்புகிறீர்கள். இது இதழ்ப் பகுதி, இது கணினி, பையை வெளியே வை, சத்தம் போடாதே. முடிந்தது. அன்றைக்கு அவர்களுக்குத் தேட வேண்டியது ஒன்றுமில்லை. அதனால் எதுவும் மனதில் நிற்பதும் இல்லை.

கையில் ஒரு கேள்வி இருக்கும்போது அனுப்புங்கள். மன்னார் வளைகுடாவில் எத்தனை தீவுகள்? நம் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த கடல்தான். போனில் தேடினால் ஓரிடத்தில் 21 என்று வரும், வேறோரிடத்தில் 19. "சார், எது சரி?" என்பார்கள். நான் பதில் சொல்லிவிட்டால் வகுப்பு அதோடு போச்சு. யார் எழுதியது, எந்த ஆண்டு, எதற்காக எண்ணினார்கள் என்று பார்க்கச் சொல்வேன். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது கணக்கில் வந்தவை 21. அவற்றில் தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லியும் கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் பிறகு நீருக்குள் போய்விட்டன. பவளப்பாறையை வெட்டியெடுத்தது முக்கியக் காரணம். பூங்காவின் பரப்பைப் பேசுகிறவர் 21 என்பார், மேலே தெரிவதை எண்ணுகிறவர் 19 என்பார். இதைத் தானாகவே கண்டுபிடித்த பிள்ளை, அப்புறம் எந்த எண்ணைப் பார்த்தாலும் ஆண்டைத் தேடும்.

தேடும் சொல்லும் முக்கியம். ஒரே கடல்விலங்குக்குக் கரையில் ஆவுளியா, பாடநூலில் கடற்பசு, ஆய்வுக் கட்டுரையில் டுகாங் என்று பெயர். மூன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். 1947-இல் தொடங்கி, பல ஆண்டுகள் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகள் இணையத்தில் இலவசம். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கே இது தெரியாது என்பதுதான் வருத்தம். ஆய்வேடுகளுக்கு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா என்ற இணையதளம் இருக்கிறது. வீட்டில் சங்கு குளித்த தாத்தா இருந்தால் அவரும் ஆதாரம்தான். ஆனால் பெயரும் ஊரும் பேசிய நாளும் எழுதியாக வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலி, சில நேரம் இல்லாத கட்டுரைக்கும் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் கச்சிதமாகத் தரும். அதைத் திட்டிப் பயனில்லை. அது தந்த பட்டியலையே கையில் கொடுத்து, ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துவரச் சொல்லுங்கள்.

இதை நூலகர் தனியாகச் செய்ய முடியாது. அசைன்மென்ட் கொடுக்கும் வாரத்தில் எனக்கு ஒரு மணி நேரம் தாருங்கள். மதிப்பெண்ணில் சிறு பங்கை, எங்கே எப்படித் தேடினேன் என்று அவர்கள் எழுதும் ஒரு பக்கத்துக்கு ஒதுக்குங்கள். மார்க் இல்லையென்றால் எழுத மாட்டார்கள், நமக்குத் தெரியாதா!