உறுப்பைத் தேடும் நேரம் எங்கே கரைகிறது?

[திரையில்: நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் படகு பதிவுசெய்யும் மாதிரித் தளம். அட்டவணையில் 100 நிரைகள், நிரைக்கு 6 கலங்கள்.]

குரல்: உலாவியைத் தானாக இயக்கி இணையதளத்தைச் சோதிக்கும் கருவி செலினியம். அதில் எழுதிய சோதனை மெதுவாக ஓடினால், பலரும் முதலில், பக்கத்திலுள்ள பொத்தான், கலம் போன்ற உறுப்புகளைக் கண்டுபிடிக்கும் எக்ஸ்பாத்தை நீக்கிவிட்டு, அதே வேலையைச் செய்யும் சிஎஸ்எஸ் தெரிவிகளை எழுதத் தொடங்குகிறார்கள். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் இன்றைய உலாவிகளில் இவ்விரண்டின் வேறுபாடு பெரும்பாலும் சில மில்லிவிநாடிகளுக்குள் அடங்கிவிடுகிறது.

நேரம் கரைவது கோரிக்கைகளில். செலினியம் உலாவிக்குக் கட்டளை அனுப்பும் விதத்தை வரையறுப்பது, இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாக 2018இல் வெளியான வெப்டிரைவர் நெறிமுறை. அதன்படி, ஓர் உறுப்பைத் தேடுவதும் அதன் எழுத்தை வாசிப்பதும் தனித்தனி எச்டிடிபி கோரிக்கைகளாகும். இந்த அட்டவணையை வாசிக்க, நிரைகளைத் தேட ஒன்று, கலங்களைத் தேட 100, எழுத்தை எடுக்க 600 என 701 கோரிக்கைகள் தேவைப்படுகின்றன. உலாவி நம் கணினியிலேயே இருந்தால் இது அவ்வளவாக உறுத்தாது. திருகோணமலையில் இருந்துகொண்டு சிங்கப்பூர் சர்வரிலுள்ள உலாவியை இயக்குகிறோம், ஒரு கோரிக்கை போய்த் திரும்ப 80 மில்லிவிநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், வாசிப்புக்கு மட்டும் ஏறத்தாழ 56 விநாடிகள் போய்விடும்.

[திரையில்: ஒரேயொரு எக்ஸிகியூட் ஸ்கிரிப்ட் அழைப்பு.]

குரல்: கலங்களின் எழுத்தையெல்லாம் உலாவிக்குள்ளேயே திரட்டி ஒரே பட்டியலாகத் திருப்பித் தரும் சிறு ஜாவாஸ்கிரிப்டை அனுப்பினால், 701 கோரிக்கைகள் ஒன்றாகிவிடும். ஆனால் பொத்தானை அழுத்துவதற்கு இவ்வழியைக் கையாளக்கூடாது. பயணி அழுத்த முடியாதபடி மறைந்திருக்கும் பொத்தானையும் ஸ்கிரிப்ட் அழுத்திவிடும்.

அடுத்தது காத்திருப்பு. எந்த உறுப்பைத் தேடினாலும் அது தோன்றும்வரை காத்திருக்கச் சொல்லும் பொது வரம்பான இம்ப்ளிசிட் வெயிட்டை 10 விநாடியாக வைத்துவிட்டு, "இடமில்லை" என்ற அறிவிப்பு திரையில் இல்லை என்பதை உறுதிசெய்யத் தேடினால், இல்லாத அந்த உறுப்புக்காக ஒவ்வொரு முறையும் முழுப் பத்து விநாடியும் கழியும். அதை இயல்பான பூச்சியத்திலேயே விட்டு, தேவையான இடத்தில் மட்டும், குறிப்பிட்ட ஒரு நிலைக்காகக் காத்திருக்கும் எக்ஸ்பிளிசிட் வெயிட்டை வைப்பதே என் தெரிவு. இரண்டையும் கலக்க வேண்டாம் என்று செலினியம் ஆவணமே எச்சரிக்கிறது. 10 விநாடி இம்ப்ளிசிட் வெயிட்டும் 15 விநாடி எக்ஸ்பிளிசிட் வெயிட்டும் சேர்ந்து, 20 விநாடி கழித்துக் காலாவதியாகக்கூடும் என்பது அதிலுள்ள எடுத்துக்காட்டு.

எக்ஸ்பாத்திலேயே தொடர்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரு நிரைக்குள் தேடும்போது இரட்டைச் சாய்கோட்டுக்கு (//) முன் புள்ளி (.//) இடாவிட்டால், தேடல் அந்த நிரையை விட்டு முழுப் பக்கத்திலும் நடக்கும், எந்த நிரையைக் கொடுத்தாலும் முதல் படகின் கட்டணமே திரும்பி வரும்.