அது யார் வீட்டுக் கை?

(செல்லூரில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: 'விழாக்களில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லை ஓயாததற்குக் காரணம் சட்டத்தின் தளர்ச்சியா, சுற்றி நிற்பவர்களின் பேச்சா?' சுற்றி நிற்பவர்களின் பேச்சே என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே, வணக்கம். மேடை ஏறும்போதே ஒருவர் கையைப் பிடித்துக் கேட்டார்: "மதுரையில பேசுறீங்க, கண்ணகியக் கூப்பிடுவீங்கள்ல?" கூப்பிடப் போவதில்லை. பாவம், ஊரில் நடக்கும் ஒவ்வொரு பட்டிமன்றத்துக்கும் ஒற்றைச் சிலம்போடு வந்து வந்து ஓய்ந்திருப்பார். நான் நம்ம கல்யாண மண்டபத்துக்குப் போகிறேன்.

சட்டம் தளர்ந்து கிடக்கிறது என்றார் எதிரணித் தலைவர். 1998இல் சென்னையில், கேலி செய்த கும்பலால் ஒரு கல்லூரி மாணவி உயிரை இழந்த பிறகு, தமிழ்நாட்டில் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. கோயில், பேருந்து நிறுத்தம், சினிமா தியேட்டர் என்று அடுக்கிக்கொண்டே போய், திருவிழா நடக்கும் இடத்தையும் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். போதாதா? பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 74ஆம் பிரிவு இருக்கிறது. பெண்ணின் மானத்தைக் குலைக்கும் நோக்கோடு கை வைத்தால் குறைந்தது 1 ஆண்டு, அதிகம் போனால் 5 ஆண்டு சிறை. ஆனால் அந்தப் பிரிவு வரைக்கும் புகார் போய்ச் சேர வேண்டுமே! காவல் நிலையத்துக்குப் போகிற வழி மண்டப வாசலில்தான் தொடங்குகிறது. அந்த வாசலை மறித்து நிற்பது யார்? சித்தி, பெரியப்பா, அப்புறம் நான்.

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று ஆழ்வார்புரம் பக்கம் நிற்கிற கூட்டத்தைச் செல்லூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த நெரிசலில் ஒரு பெண் "ஏய்!" என்று சத்தம் போடட்டும். பக்கத்தில் பரட்டைத் தலையோடு, ஊர் பேர் தெரியாத பையன் ஒருவன் நின்றால் போதும், தர்ம அடி. அவன்தானா என்று அந்தப் பெண்ணிடம் கேட்கக்கூட ஆள் இருக்காது. அடித்தவர்களில் பாதிப் பேர் அவள் முகத்தையே பார்த்திருக்க மாட்டார்கள்.

அதே பெண் அடுத்த வாரம் ஒரு காதுகுத்துக்குப் போகிறாள். பந்தியில் தன் பின்னால் வந்து நின்ற ஒருவரைக் காட்டி அதையே சொல்கிறாள். அவர் லட்ச ரூபாய் மொய் எழுதுகிறவர். இப்போது என்ன பேச்சு வரும்? "கை தவறிப் பட்டிருக்கும்த்தா." "அவருக்கே உன் வயசுல மக இருக்கா." "விசேஷ வீட்டுல வச்சு இதையெல்லாம் பேசுவாகளா?" ஆற்றங்கரையில் விசாரிக்காமலே அடித்தோம், மண்டபத்தில் விசாரிக்காமலே விடுதலை செய்தோம். இரண்டு இடத்திலும் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. அது யார் வீட்டுக் கை என்றுதான் பார்த்தோம்.

படிக்காத கூட்டம் அப்படித்தான் என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுக்கிறார். சரி, படித்தவர்கள் வீட்டு விருந்துக்கே போவோம். 1988 ஜூலை, சண்டிகர். மூத்த அதிகாரி ஒருவர் வீட்டு விருந்து. அங்கே ரூபன் தியோல் பஜாஜ் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியைப் பின்புறத்தில் தட்டினார், பஞ்சாப் காவல்துறைத் தலைவராக இருந்த கே.பி.எஸ். கில். அந்த அம்மாள் புகார் கொடுத்தார். 1989இல் உயர் நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, இது புகார் சொல்கிற அளவுக்குப் பெரிய தீங்கு இல்லை என்பது. 1995இல் உச்ச நீதிமன்றம், பெண்ணின் மானம் பற்றிய குற்றத்தை அற்பம் என்று தள்ள முடியாது என்று சொல்லி வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 1996இல் குற்றவாளி என்று தீர்ப்பு. 2005இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

மொத்தம் 17 ஆண்டு. "பார்த்தீர்களா, சட்டத்தின் தளர்ச்சி" என்று எதிரணி எழுந்திருக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். இன்றைய 74க்கு முன்பு அந்தக் குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்தது 354ஆம் பிரிவு. முதலில் ரத்து செய்தபோதும் அதே 354தான், பிறகு தண்டித்தபோதும் அதே 354தான். அதில் ஒரு எழுத்து மாறவில்லை. "இதைப் போய்ப் பெரிசுபடுத்துறாங்களே" என்று நம் மண்டபத்தில் கேட்கிற பேச்சு, அங்கே கோட்டு போட்டுக்கொண்டு வந்து வழக்கின் குறுக்கே படுத்துக்கொண்டது.

பொய்ப் புகாராக இருந்தால்? கேட்க வேண்டிய கேள்விதான். சொன்ன மாத்திரத்தில் அந்த மனிதரைக் கழுவில் ஏற்று என்று நான் சொல்லவில்லை. விசாரணை வரட்டும், அவர் பக்கத்தையும் சொல்லட்டும். ஆனால் விசாரிக்காமல் அவரைக் குற்றவாளி என்னாதே என்கிற அதே வாய், விசாரிக்காமலே அவளைப் பொய்க்காரி என்கிறதே! அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது தீர்ப்பு ஆகாது, ஐயா. பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று குறித்துக்கொள்ளலாம். மண்டபத்து கேமராவில் இருப்பதை எடுத்து வைக்கச் சொல்லலாம். சில நாள் போனால் பழைய பதிவின் மேல் புதுப் பதிவு ஏறிவிடும். நம் ஆட்கள் சமாதானம் பேசி முடிப்பதும் சரியாக அதற்குள்தான்.

மணி அடித்துவிட்டார்கள். ஒரு நிமிடம் கொடுங்கள், நடுவர் அவர்களே. நான்கு வருடத்துக்கு முன் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மொய் மேசையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தவன் நான்தான். ஒன்றுவிட்ட தங்கை வந்து குனிந்து, "அண்ணே, பிள்ளை அழுவுது, இன்னார்தான்னு சொல்லுது" என்றாள். அந்த இன்னார் எங்கள் எல்லோருக்கும் வேண்டியவர். "தாலி கட்டட்டும்த்தா, அப்புறம் பேசிக்கலாம்" என்றேன். தாலி கட்டியாயிற்று, பந்தி முடிந்தது, மொய்க் கணக்கும் நேரானது. அந்த அப்புறம் மட்டும் வரவில்லை.

போன ஆவணியில் என் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க அந்தத் தங்கை வீட்டுக்குப் போனேன். அந்தப் பிள்ளைதான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. பத்திரிகையை வாங்கி, பிரிக்காமலே கையில் வைத்துக்கொண்டு கேட்டது: "அவருக்கும் வச்சுட்டீங்களா மாமா?"

வைத்திருந்தேன், நடுவர் அவர்களே.