மாவு பொங்கினால் போதும்

கொடைக்கானல் பண்பலை நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுப் பிள்ளை வெளிநாட்டுக்குக் கிளம்பினால் அம்மாக்கள் கேட்கும் முதல் கேள்வி, "அங்கே நம் சாப்பாடு கிடைக்குமா?" கிடைக்கும், தாய்மார்களே. எங்கே தேடுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நான் பல வருடம் பாரிஸில் வேலை பார்த்தவன். அங்கே 'இந்திய உணவகம்' என்று பலகை தொங்கும் இடத்தில் பெரும்பாலும் கிடைப்பது நான் ரொட்டி. உள்ளே பாலாடைக்கட்டி வைத்துச் சுட்டிருப்பார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அதில் அவ்வளவு ஆசை. பிரிட்டனில் இத்தகைய உணவகங்கள் பலவற்றை நடத்துகிறவர்கள் வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து போனவர்கள். அவர்களுடைய உழைப்பு பெரிது. ஆனால் ரசத்துக்கு ஏங்குகிற நாக்கு அங்கே பசியாறாது.

ஆகவே பலகையை விடுங்கள், தமிழ் மளிகைக் கடையைத் தேடுங்கள். பாரிஸில் லா ஷப்பேல் என்றொரு பகுதி. 1983 கலவரத்துக்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்து சேர்ந்தவர்கள் அங்கே ஒரு கடைத்தெருவையே எழுப்பிவிட்டார்கள். முருங்கைக்காய், நல்லெண்ணெய், உளுந்து, இடியப்பம், சொதி எல்லாம் உண்டு. ஒருநாள் கடைக்கார அக்கா என் கையிலிருந்த அரிசிப் பையை வாங்கி அடுக்கில் திரும்ப வைத்தார். "தம்பி, இட்லிக்கு இது சரிவராது" என்று சொல்லி, வேறொரு புழுங்கலரிசியை எடுத்துக் கொடுத்தார். நம் சாப்பாடு தெரிந்தவர் இருக்கும் கடைதான் நமக்கு வேண்டிய கடை.

சரி, அரிசி கிடைத்தது. மாவு புளிக்க வேண்டுமே! சமவெளிக்காரர்களுக்கு மாவு பொங்கி வழிந்துவிடுமோ என்று கவலை. நமக்கோ பொங்குமா என்று கவலை. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் மார்கழியில் மாவாட்டி வைத்தால் விடிந்த பிறகும் ஆட்டி வைத்தபடியே கிடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? அதனால்தானே பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைக்கிறோம். உளுந்தோடு வருகிற நுண்ணுயிரிகள்தாம் மாவைப் பொங்க வைக்கின்றன. அவற்றுக்கு 25, 30 டிகிரி கதகதப்பு வேண்டும். மலையில் வளர்ந்த பிள்ளைக்கு இது கைவந்த விஷயம். ஐரோப்பியக் குளிரிலும் அதே வழிதான். ஓவனைச் சூடாக்காமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை வைத்து மூடிவிட வேண்டும். அந்தச் சிறு பல்பின் சூடே போதும். உளுந்தோடு கொஞ்சம் வெந்தயமும் ஊறட்டும். கையால் நன்றாகக் கரைக்கட்டும். காலையில் மூடியைத் திறந்தால் மேலெல்லாம் குமிழ் விட்டு, கரண்டியை விட்டதும் மாவு புஸ்ஸென்று அமுங்கும். அந்தப் புளித்த வாசனை வந்துவிட்டால் பிள்ளை அங்கே தேறிவிடும். மறுபடியும் சொல்கிறேன்: ஓவன் எரியக் கூடாது, விளக்கு மட்டும்.

கோயில்களைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். நியூயார்க்கில் ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலின் அடித்தளத்தில் தோசைக்கென்றே கூட்டம் வரும். நேரம் முடிகிறது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார். கறிவேப்பிலையை மட்டும் சொல்லிவிடுகிறேன். அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால், அமெரிக்காவுக்குப் பச்சை இலையைக் கொண்டுபோக விடமாட்டார்கள்; பெட்டியில் வைக்காதீர்கள். அதற்குப் பதிலாக, நம் மலைப்பூண்டை மிளகாயோடு வறுத்து இடித்த பொடியைக் கட்டிக் கொடுங்கள். வணக்கம்.