கல்யாணத்துல சுட்டது ரெண்டு பேரு, உள்ள போறது ஏன் ஒருத்தன் மட்டும்?

வணக்கம். ஒரு தம்பி கேட்ட கேள்வி ரெண்டு நாளா மனசை விட்டுப் போகல. "உத்தரப் பிரதேசத்துல கல்யாண ஊர்வலத்துல நாட்டுத் துப்பாக்கியால வானத்தைப் பார்த்துச் சுட்ட பையன் மாசக்கணக்கா ஜெயில்ல கிடக்கான். அதே ஊர்வலத்துல ரைஃபிளால சுட்ட அரசியல்வாதி வீட்டு ஆளு மறுநாளே வீட்டுல இருக்காரு. சட்டம் ரெண்டா?"

சட்டம் ஒண்ணுதான், 1959 ஆயுதச் சட்டம். பிரிவுதான் ரெண்டு. 25(9) இருக்கே, கொண்டாட்டத்துல சுடுறதுக்கான பிரிவு, 2019 திருத்தத்துல வந்தது. அடுத்தவங்க உயிருக்கு ஆபத்து வர்ற மாதிரி சுட்டா அதிகபட்சம் 2 வருஷம், இல்லேன்னா 1 லட்சம் வரைக்கும் அபராதம், இல்லேன்னா ரெண்டும். 3 வருஷத்துக்குக் கீழ இருக்கறதால ஜாமீன்ல விடக்கூடிய குற்றம். ஸ்டேஷன்லயே விட்டுடலாம். அந்தப் பையன் கையில இருக்கிற கட்டாவுக்கு, அதாவது நாட்டுத் துப்பாக்கிக்கு, லைசென்ஸ் இல்ல. அது 25(1பி). குறைந்தபட்சமே 2 வருஷம், 5 வரைக்கும் போகும், ஜாமீன் கோர்ட்டுல போய்த்தான் கேக்கணும். ஒரே வெடிச் சத்தம்தான். லைசென்ஸ் இருந்தா 2 வருஷம் மேல்வரம்பு, இல்லேன்னா அதே 2 வருஷம் கீழ்வரம்பு.

அதனாலதான் திரும்பத் திரும்பச் சொல்றேன்: சலுகை தண்டனையில இல்ல, லைசென்ஸ்ல போடுற கையெழுத்துல இருக்கு. 39-ஆம் பிரிவுலயும் ஒரு கையெழுத்து இருக்கு. லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்த வழக்கை நடத்தக்கூட மாவட்ட மாஜிஸ்திரேட், அதாவது நம்ம கலெக்டர், முன் அனுமதி கொடுக்கணும். அந்தத் தாளை வாங்காம குற்றப்பத்திரிகை போட்டா வழக்கு அங்கேயே படுத்துடும்.

இன்னொண்ணு. தலைவர் துப்பாக்கியைக் கூட இருக்கிற ஆளு வாங்கிச் சுட்டா? லைசென்ஸ் துப்பாக்கிக்கு மட்டும் இல்ல, ஆளுக்கும் சேர்த்துத்தான். அடுத்தவர் துப்பாக்கியை எடுத்துட்டுப் போக 3-ஆம் பிரிவு விடுறது, உரியவர் கூட இருக்கும்போது அல்லது அவர் எழுத்துல அனுமதி கொடுத்திருந்தா. அதுவும் ரிப்பேருக்கு, லைசென்ஸ் புதுப்பிக்க, இல்ல அவரே பயன்படுத்தறதுக்கு. கூட வந்தவரு சுட்டுப் பார்க்கறதுக்கு இல்ல. அந்த ஆளு லைசென்ஸ் இல்லாதவர்தான், 25(1பி) அவருக்கும் பொருந்தும். அதனால விசாரணை அதிகாரி முதல்ல எழுதவேண்டியது, லைசென்ஸ் யாரோடது, விசையை இழுத்த விரல் யாரோடது. ரெண்டாவதை எஃப்ஐஆர்ல எழுதாம விட்டுட்டா மிச்சம் 25(9) மட்டும்தான்.

அடுத்து சாட்சியம். வீடியோவை மட்டும் நம்பினா "அது பொம்மைத் துப்பாக்கிங்க"ன்னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. அன்னிக்கே இடத்துல விழுந்த வெத்துத் தோட்டாவைப் பொறுக்கணும், துப்பாக்கியைக் கைப்பற்றணும், ரெண்டையும் தடயவியலுக்கு அனுப்பணும். ஊசி அடிச்ச தடம் தோட்டாவோட அடியில இருக்கும், அதை வெச்சுத்தான் எந்தத் துப்பாக்கின்னு சொல்லுவாங்க. பத்து நாள் கழிச்சுப் போனா பெருக்கித் தள்ளியிருப்பாங்க. வீடியோவுக்கும் புது சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேணும், பழைய சட்டத்துல அது 65பி. பையன் விஷயத்துல இதெல்லாம் அன்னிக்கே நடக்குது. பெரிய வீட்டு விஷயத்துல தள்ளிப்போகுது.

உத்தராகண்ட் கான்பூர் (Khanpur) தொகுதியில அப்போ பாஜக எம்.எல்.ஏ.வா இருந்த பிரணவ் சிங் சாம்பியன் விஷயம் ஞாபகம் இருக்கா? 2019 ஜூலையில துப்பாக்கிகளைத் தூக்கிட்டு ஆடின வீடியோ. கட்சி 6 வருஷம் நீக்கிச்சு, அடுத்த வருஷமே திரும்பச் சேர்த்துக்கிச்சு. அப்போ 25(9) வரல, அது 2019 டிசம்பர் 14-ல இருந்துதான். லைசென்ஸ் நிபந்தனையை மீறினதா வழக்குப் போட்டாலும் 30-ஆம் பிரிவுல அதிகபட்சம் 6 மாசம், இல்லேன்னா 2,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்லேன்னா ரெண்டும், அவ்வளவுதான். அதே சாம்பியன் மேல, 2025 ஜனவரி 26 அன்னைக்கு ரூர்க்கியில எம்.எல்.ஏ. உமேஷ் குமார் அலுவலகத்துல சுட்டதா வழக்குப் பதிவாகி, கைதானாரு. 2019-லயே 17-ஆம் பிரிவுல லைசென்ஸை நிரந்தரமா ரத்து பண்ணியிருக்க வேண்டாமான்னு கேக்கணும்.

ஆனா ரத்து உத்தரவை எழுதறதுலயும் கோட்டை விடுறாங்க. "இவர் மேல வழக்கு இருக்கு"ன்னு ஒரே வரி. வழக்கு நிலுவையில இருக்கிறது மட்டும் போதாதுன்னு அலகாபாத் உயர் நீதிமன்றம் எத்தனையோ தடவை சொல்லிடுச்சு. இந்தத் துப்பாக்கியால பொது அமைதிக்கு என்ன ஆபத்துன்னு 17(3)(பி)-ல காரணத்தோட எழுதணும். எழுதாத உத்தரவு உயர் நீதிமன்றத்துல விழுந்துடும், துப்பாக்கி வீட்டுக்குத் திரும்பிடும்.

தம்பி, நான் எதிர்பார்த்த கேள்வி வேற: லைசென்ஸ் எப்படிக் கிடைச்சது? 2016 கடைசியில நாட்டுல 33.69 லட்சம் லைசென்ஸ், அதுல உத்தரப் பிரதேசத்துல மட்டும் 12.77 லட்சம். ஜம்மு காஷ்மீர்ல 2012-ல இருந்து 2016 வரைக்கும் கொடுத்த 2.78 லட்சத்துக்கு மேற்பட்ட லைசென்ஸ்கள் பத்தி சிபிஐ விசாரிச்சு, கையெழுத்துப் போட்ட ஐஏஎஸ் அதிகாரிகளையே கைது பண்ணுச்சு. அந்த ஊர்ல இல்லாதவங்களுக்கெல்லாம் கொடுத்திருக்காங்கன்னு குற்றச்சாட்டு.

உங்க மாவட்டத்துல தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. பேரு கேக்காதீங்க, தனிநபர் தகவல்னு திருப்பி அனுப்பிடுவாங்க. மூணு எண்ணிக்கை மட்டும் கேளுங்க: போலீஸ் அறிக்கை பாதகமா வந்தும் கொடுத்த லைசென்ஸ் எத்தனை, அஞ்சு வருஷத்துல 17(3)-ல எந்த உட்பிரிவுல எத்தனை ரத்து, அதுல 18-ஆம் பிரிவு மேல்முறையீட்டுல திரும்பினது எத்தனை.